தராசு பதித்த நாணயம்

அரபு நாடுகளில் இன்றும் புழங்கும் ‘தீனார்’ என்ற பெயர் ரோமர்களின் ‘டினாரியஸ்’ என்னும் வெள்ளி நாணயத்திலிருந்து வந்தது. பெயர் நிலைத்துவிட்டது, நாணயம் நிலைக்கவில்லை. அது ஏன் என்பது வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டிய விடயம்.

கிளோடியஸ் பேரரசர் காலத்தில் (கி.பி. 41-54) செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்ததாக பிளினி எழுதியிருக்கிறார். அவரிடமிருந்த டினாரியஸ் காசுகளை எமது மன்னர் பார்த்தார். உருவங்கள் வெவ்வேறு மன்னர்களுடையவை. நிறையோ எல்லாவற்றிலும் ஒன்றே. இதை வைத்தே ரோமர் நேர்மையானவர்கள் என்று முடிவுகட்டி, ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பினாராம். முகத்தைப் பார்க்காமல் நிறையைப் பார்த்த அந்த மன்னரை நல்ல வியாபாரி என்றே சொல்வேன்.

அந்தப் பெயர் அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. முன்பு ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தார்கள். கி.பி. 64இல் நீரோ அதை 96 ஆக்கினார், கலப்பையும் கூட்டினார். பின்பு செப்டிமியஸ் செவரஸ் படையினரின் சம்பளத்தை உயர்த்திவிட்டு, வெள்ளியைப் பாதியளவுக்கு இறக்கினார். 215இல் கரகல்லா புதுக் காசொன்றை வெளியிட்டார். அதில் மன்னர் தலையில் சூரியக் கதிர்க் கிரீடம் இருக்கும். பெறுமதி இரண்டு டினாரியஸ் என்பார்கள். உள்ளிருந்த வெள்ளியோ ஒன்றரைக்குத்தான் காணும். கிரீடத்துக்கு அரை டினாரியஸ் விலை! பிஸ்கட் பக்கற்றில் கிராமைக் குறைத்துவிட்டு, மேலே படத்தை மட்டும் பளபளப்பாக்குவதும் இந்த வேலைதான்.

கலியனஸ் ஆட்சியின் இறுதியில், 268 அளவில், நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட மிஞ்சவில்லை. செம்புக்கு வெள்ளிப் பூச்சு. ஆனால் அவருடைய காசுகளின் பின்புறத்தைப் பாருங்கள்: கையில் தராசு ஏந்திய பெண்ணுருவம், பக்கத்தில் ‘எக்குயிட்டாஸ்’, அதாவது நேர்மை, என்ற எழுத்து. படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நெருக்கடி உண்மைதான், அதை நான் குறை சொல்லவில்லை. நிறையில் கைவைத்துவிட்டு அதன்மேல் தராசைப் பதித்ததைத்தான் மன்னிக்க முடியாது.

காசு மாற்றுபவர்களை இந்தப் படங்கள் ஏமாற்றவில்லை. 260இல், ரோமர் ஆட்சியிலிருந்த எகிப்தின் ஒக்சிரிங்கஸ் நகரில், அங்கு புழங்கிய அரச நாணயத்தை ஏற்க மறுத்து அவர்கள் கடைகளை மூடிவிட்டார்கள். கடையைத் திறந்து, கள்ளக் காசு தவிர்ந்த எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று அதிகாரி கட்டளை போட்டார். அந்தக் கட்டளை எழுதிய ஓலை இன்றும் இருக்கிறது.