கதிர்வீச்சா? எந்தக் கதிர், எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்!

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்க வந்தார்கள். தெருவே திரண்டுவிட்டது. "ரேடியேஷன் வரும், கேன்சர் வரும்" என்று மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். முதல் கையெழுத்து என் அத்தையுடையது. டவர் வரவில்லை.

அடுத்த வருடம் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். (இதை வைத்து டவர் நல்லது, கெட்டது என்று எதையும் நான் நிரூபிக்கப் போவதில்லை.) ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் "கரண்ட் வைக்கணும்" என்றார். ரேடியோதெரபியைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்கிறோம். அத்தை மாட்டேன் என்றுவிட்டார். "ஏண்டா, ரேடியேஷன்னா கேன்சர் வரும்னு சொன்னீங்க. இப்ப அதையே எனக்கு வைக்கப் போறாங்களா? நீ ஃபிசிக்ஸ்தானே படிக்கிறே, சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

மின்காந்த நிறமாலையை வரிசையாக எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை! அவர் தள்ளிப்போட்டது இரண்டு மாதம்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. ரேடியோ, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ்-ரே, காமா... இந்த வரிசையை மனப்பாடம் செய்கிறோமே, அதில் நாம் வாழ்க்கைக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தை மட்டும் விட்டுவிடுகிறோம் என்பது என் கருத்து.

முதலில் அடிப்படை. இந்த ஏழும் ஒரே குடும்பம். எல்லாமே வெற்றிடத்தில் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும் மின்காந்த அலைகள். வித்தியாசம் அலைநீளத்தில்தான். எஃப்.எம். ரேடியோ அலை சுமார் 3 மீட்டர் நீளம். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலை சுமார் 33 சென்டிமீட்டர். மைக்ரோவேவ் அடுப்பில் சுமார் 12 சென்டிமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 400 முதல் 700 நானோமீட்டர்தான். அலை குட்டையாகக் குட்டையாக, அதன் ஒவ்வொரு துகளும், அதாவது ஃபோட்டானும், சுமக்கும் ஆற்றல் அதிகமாகும்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாங்காய் இருபது அடி உயரத்தில் தொங்குகிறது. பத்து அடிக்கு மேல் எறிய முடியாத சின்னப் பசங்க ஆயிரம் பேர் கல்லெறிந்தாலும் அது விழாது. இருபது அடி எறியத் தெரிந்தவன் ஒருத்தன் போதும். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவதும் இப்படித்தான். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஃபோட்டானுக்கு இருப்பது அதைவிட 20 லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. உங்கள் வீட்டு டியூப்லைட் ஃபோட்டானுக்கே அதைப் போல 5 லட்சம் மடங்கு ஆற்றல் உண்டு! டியூப்லைட்டை எதிர்த்து யாராவது மனு போட்டோமா?

எலக்ட்ரானைப் பிடுங்கக்கூடியவை அயனியாக்கும் கதிர்கள். எக்ஸ்-ரே, காமா இரண்டும் இந்த வகை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை உடைக்கும். புற ஊதா எல்லைக்கோட்டில் நிற்கிறது, அதுவும் டி.என்.ஏ.வைக் கெடுக்கும். ரேடியோ, மைக்ரோவேவ் எல்லாம் அயனியாக்காதவை. அளவு அதிகமானால் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு செய்வது அதைத்தான். செல்போன் டவர்களுக்கு அளவுக் கட்டுப்பாடு வைப்பதும் அதற்காகத்தான். 2012-ல் இந்தியா அந்த வரம்பை சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

"உலக சுகாதார நிறுவனமே செல்போனைப் புற்றுநோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறதே" என்று கேட்பீர்கள். உண்மைதான். அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை "இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆதாரம் குறைவு, முழுவதும் தள்ளவும் முடியாது என்று அர்த்தம். ஆனால் அதே அமைப்பு வெயிலை "நிச்சயம்" என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. டவருக்குப் பயப்படும் நாம், உச்சி வெயிலில் தலையில் ஒரு துண்டு கூடப் போடாமல் கிரிக்கெட் ஆடுகிறோம்.

அடுத்து ஒரு வார்த்தைக் குழப்பம். "செல்போன் டவர் கதிரியக்கம்" என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. சில அணுக்கருக்கள் தாமாகவே சிதைந்து ஆல்ஃபா, பீட்டா, காமாவை வெளியிடுவதுதான் கதிரியக்கம். இதில் ஆல்ஃபாவும் பீட்டாவும் அலைகளே இல்லை, துகள்கள். டவருக்கு ஸ்விட்ச் உண்டு, அணைத்தால் நின்றுவிடும். கதிரியக்கப் பொருளுக்கு ஸ்விட்ச் கிடையாது.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி மாயாபுரி சாட்சி. 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் பல வருடங்களாகப் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கருவியைப் பழைய இரும்பாக ஏலம் விட்டது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி காயலான் கடையில் அதை உடைத்துப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். சூடு இல்லை, வாசனை இல்லை, அவர்களுக்குச் சந்தேகம் வர எந்த வழியும் இல்லை. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் போட்ட எச்சரிக்கைச் சின்னம் பலருக்குப் புரிவதில்லை என்றுதான் 2007-ல் மண்டை ஓடும் ஓடும் மனிதனும் சேர்ந்த புதிய சின்னத்தையே அறிமுகம் செய்தார்கள். நமக்குப் பயம் நிறைய இருக்கிறது, ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"எந்தக் கதிர்" என்பது பாதிக் கேள்விதான். "எவ்வளவு" என்பது மீதி. இயற்கையிலிருந்தே ஒரு மனிதனுக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. மோனசைட் மணல் நிறைந்த மணவாளக்குறிச்சி, கேரளாவின் கருநாகப்பள்ளி பக்கமெல்லாம் இன்னும் அதிகம். கருநாகப்பள்ளி மக்களை வருடக்கணக்கில் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மார்பு எக்ஸ்-ரே ஒன்றுக்கு சுமார் 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோதான். வயிற்று சி.டி. ஸ்கேன் என்றால் சுமார் 8. நாமோ எல்லாவற்றையும் "ஸ்கேன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சி.டி. ஸ்கேனில் இருப்பது எக்ஸ்-ரே. எம்.ஆர்.ஐ.யில் காந்தமும் ரேடியோ அலையும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டில் வெறும் ஒலி, மின்காந்த அலையே இல்லை. டாக்டர் தேவை என்று சொல்லும் சி.டி.க்குப் பயப்பட வேண்டாம். நாமாகப் போய் "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று கேட்கவும் வேண்டாம்.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருவோம். ஆமாம் அத்தை, அதே ரேடியேஷன்தான். டி.என்.ஏ.வை உடைக்கும் குணத்தால்தான் அது புற்றுநோயை வரவைக்கவும் செய்யும், அதே குணத்தால்தான் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லவும் செய்யும். குறிபார்த்து, தினமும் கொஞ்சமாக, பல நாட்களுக்கு வைப்பார்கள். நல்ல செல்கள் இடைவெளியில் தம்மைச் சரிசெய்துகொள்ளும், புற்றுநோய்ச் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. சின்ன ரிஸ்க் உண்டு, ஆனால் வைக்காமல் விடும் ரிஸ்க் பெரியது. இன்னொன்று, மெஷினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். உடம்புக்குள் எதுவும் தங்காது. பேரக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

இவ்வளவையும் புத்தகம் புரட்டி, பேராசிரியரைக் கேட்டு, நான் போய்ச் சொன்ன பிறகுதான் அத்தை சம்மதித்தார். இப்போது நலமாக இருக்கிறார், தவறாமல் செக்கப்புக்குப் போகிறார். அந்த இரண்டு மாதம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தேர்வில் நிறமாலையை எழுதச் சொல்லும் ஆசிரியர்களே, கீழே ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "இதில் எதற்குப் பயப்பட வேண்டும், ஏன்?" அதற்கும் மார்க் கொடுங்கள். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு அத்தை இருப்பார். அவர் கேட்பதற்குள் பதிலைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.