புகை கிருமியைக் கொல்லுமா?

மீனையும் இறைச்சியையும் புகையூட்டிக் கெடாமற் காப்பது பழைய வழக்கம். இதனைக் கண்டு, பீடிப் புகை நெஞ்சிலுள்ள கிருமியைக் கொல்லும், சளியை இளக்கும் என்று கருதுவோர் இன்றும் உளர். இக்கருத்து பிழையானது. உயிரற்ற மீனுக்குத் தற்காப்பு இல்லை. புகை அதற்குக் காவலாகிறது. உயிருள்ள நுரையீரலுக்கோ இயற்கையே காவல் அமைத்துள்ளது. புகை அக்காவலைக் குலைக்கிறது.

மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் இடையறாது அசைந்து, கிருமி ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்களும் அதனால் திறன் குன்றுகின்றன. கிருமிகளோ எப்போதும் நலிவதில்லை. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான சோதனையொன்றில், மெதிசிலின் மருந்துக்கு மசியாத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகள், சிகரெட்டுப் புகைச்சாறு பட்டபின், விழுங்கணுக்களால் எளிதிற் கொல்லப்படாதவை ஆயின. காவலன் தளர, கள்வன் கவசம் பூண்டான்.

இது சோதனைச்சாலையோடு நிற்கும் செய்தியன்று. தமிழ்நாட்டு ஆடவர் 43,000 பேரின் மரணங்களை ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, புகை பிடிப்போர் காசநோயால் இறப்பது பிடியாதோரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு. நகரத்துச் சிகரெட்டுக்கும் கிராமத்துப் பீடிக்கும் இதில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. நிமோகாக்கஸ் கிருமி இரத்தத்திற் பரவும் கடுநோய் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான வட அமெரிக்க ஆய்வோ, பிறர் விடும் புகையை முகர்ந்தோருக்கும் இடர் இரண்டரை மடங்கு எனக் காட்டிற்று.

ஆயினும், புகையின் தீமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புற்றுநோயை மட்டுமே சொல்லி நிறுத்துகின்றனர். இருபது வயது இளைஞனுக்கு அது முதுமையில் வரும் தொலைவான துன்பம். காசநோயும் நிமோனியாவும் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துரைத்தல் வேண்டும்.

களப்பணியாளரின் கடமை இன்னும் நெருக்கமானது. "இது பீடி இருமல்தான்" என்று நோயாளி சொல்வதை ஏற்று விட்டுவிடலாகாது. இரண்டு வாரம் நீடித்த இருமலாயின் சளியைச் சோதித்தே தீர வேண்டும். நோய் உறுதியானால், மாத்திரையைத் தவறாது உண்ணச் சொல்லும் அதே வாயால் புகையை விடவும் சொல்லுதல் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கடிந்துரைத்தால் நோயாளி பீடியை மறைப்பான். பின்னர் இருமலையும் மறைப்பான். ஆதலின் பரிவோடு கேட்பதே பயன் தரும். காவலை மீட்காமல் மருந்தை மட்டும் கொடுப்பது, கதவைத் திறந்துவைத்துக் கள்வனைத் துரத்துவதை ஒக்கும்.