3 நாள் லீவு யாருக்கு? தஞ்சாவூர் டூருக்கு குறுக்கே நிற்கும் சனிக்கிழமை!

கருமத்தம்பட்டி:-

வெள்ளி அல்லது திங்களில் ஒரு அரசு விடுமுறை வந்தால் போதும். கோவையில் பஸ், ரெயில் எல்லாம் நிரம்பி வழிகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை என்று குடும்பம் குடும்பமாக கிளம்பி விடுகிறார்கள். ஆனால் கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டார விசைத்தறி தொழிலாளர்களுக்கு அந்த 3 நாள் லீவு பெரும்பாலும் காலண்டரோடு சரி!

2026-ம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். குடியரசு தினம் திங்கட்கிழமை. மே தினமும் காந்தி ஜெயந்தியும் வெள்ளிக்கிழமை. ஆபீசுக்கு போகிறவர்களுக்கு மூன்றுமே 3 நாள் லீவு. தறிக்காரர்களுக்கு அப்படி இல்லை. வெள்ளி லீவு விட்டாலும் சனிக்கிழமை தறி ஓடும்.

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறை சட்டம் 1958-லேயே வந்துவிட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களோடு 5 பண்டிகை நாட்களும் சேர்த்து ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் லீவு. அன்று வேலை வாங்கினால் இரட்டிப்பு கூலி, அல்லது கூலியோடு வேறொரு நாள் லீவு தர வேண்டும்.

ஆனால் தறிக்கூடத்தில் கணக்கு வேறு. ஓடுகிற மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்றால் வருமானமும் நின்றது. பாவு நூல் வாங்கி கூலிக்கு நெய்து கொடுக்கும் தறி உரிமையாளருக்கும் இதே கதைதான். கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதம் இழுத்தது. அந்த அடியை வாங்கிய குடும்பங்களுக்கு ஒரு நாள் கூலி என்பது சின்ன விஷயம் இல்லை.

எந்த லீவு லாபம்?

ஊர் சுற்ற ஆசைப்படுபவர்களுக்கு திங்கட்கிழமை லீவுதான் கைகொடுக்கும். சனிக்கிழமை ராத்திரி வேன் ஏறி பல்லடம், காங்கயம், கரூர், திருச்சி வழியாக போனால் விடியும்போது தஞ்சாவூர். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோவில், 216 அடி விமானம். உள்ளே போக டிக்கெட் கிடையாது. ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதற்குள் பார்த்துவிட்டு, அரண்மனைக்கு போகலாம். சாயங்காலம் தாராசுரம். திங்கள் காலை கங்கைகொண்ட சோழபுரம். ராத்திரிக்குள் வீடு திரும்பினால் செவ்வாய் காலை ஷிப்டு தப்பாது.

ஒரே டூரில் மதுரையையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் பாதி நேரம் வேனிலேயே போய்விடும்.

ரெயில் என்றால் கோவை-மயிலாடுதுறை ஜனசதாப்தி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி வழியாக தஞ்சாவூர், கும்பகோணம் போகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். கடைசி நேரத்தில் ஓடினால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இதற்கும் கையில் காசு இல்லையா? பக்கத்திலேயே அவிநாசி கோவில், பேரூர் கோவில் இருக்கின்றன. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

கூலியோடு வந்தால்தான் அது லீவு. இல்லாவிட்டால் தறிக்காரருக்கு அது தறி நின்ற இன்னொரு நாள், அவ்வளவுதான்.