ஆற்றங்கரைச் சுகமும் நம் உரிமையே

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் ஓர் இரவு திருப்பூர், கோவை பஸ் நிலையங்களுக்குப் போய்ப் பாருங்கள். கரூர், திருச்சி வழியாகத் தஞ்சை, மன்னார்குடி, திருவாரூர் போகும் வண்டிகளில் கால் வைக்க இடம் இராது. பனியன் கம்பெனியில் தைப்பவர், சாயப் பட்டறையில் நிற்பவர், பஞ்சாலையில் அறுந்த நூலைப் பிணைப்பவர் என்று அத்தனை பேரும் தொழிலாளிகள். காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் கோரையாறும் ஓடும் கரைகளில் அவர்களுடைய தாய் தகப்பன் குடியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறார்கள். ஆற்றையும் பார்க்கப் போகிறார்கள். இரவு முழுவதும் நின்றுகொண்டே போனாலும் முகத்தில் வாட்டம் தெரிவதில்லை.

“ஆற்றைப் பார்ப்பதும் ஒரு காரியமா? கூலி, போனஸ், பஞ்சப்படி, மனைப்பட்டா இவையல்லவா நம் பிரச்சினை? மரத்தையும் பறவையையும் பார்த்து மகிழ்வது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு” என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைக்காகத் தெருவில் இறங்கினார்கள். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நம் விருப்பத்துக்கு என்பது அந்த இயக்கத்தின் கோஷம். 1923இல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் அந்தப் போராட்டத்தின் நினைவாகத்தான். நம் விருப்பத்துக்கு என்று கேட்ட அந்த நேரம் எதற்கு? பிள்ளைகளோடு பேச, படிக்க, சங்கம் கூட்ட, வானத்தையும் தண்ணீரையும் கண் குளிரப் பார்க்க. மனிதன் மிஷின் அல்ல. எண்ணெய் விட்டால் மட்டும் ஓடிவிட மாட்டான்.

செலவில்லாத சுகம்

பஞ்சாலைக்குள் வெளிக்காற்று வராது. நூல் அறாமல் ஓட ஈரக் காற்று வேண்டும் என்று உள்ளே புழுக்கத்தை நிறைத்து வைத்திருப்பார்கள். மூக்கில் பஞ்சுத் தூசி, காதில் மிஷின் இரைச்சல். இரவு ஷிப்டு முடிந்து வந்தால் பகலிலும் தூக்கம் பிடிக்காது. இப்படி மாதக் கணக்கில் கிடந்த உடம்பு ஒரு நாள் விடியற்காலையில் ஆற்றில் இறங்கி முங்கி எழுகிறது. அந்த ஒரு முங்கலின் அருமை ஆலையில் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

டெல்டாவின் ஆறு வருஷம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். புதுத் தண்ணீர் வரும்போது நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஆற்று மணலில் ஓடுவார்கள். ஆடி 18இல் பெண்கள் காப்பரிசியும் மஞ்சள் கயிறுமாகப் படித்துறைக்கு வருவார்கள். ஐப்பசி மழையில் ஆறு கலங்கிக் கரையைத் தொட்டு ஓடும். அப்போது மதகில் குதிக்க முடியாது. ஆனால் வாய்க்கால்களில் கெண்டையும் குறவையும் எதிர்த்து ஏறும். தூண்டிலோடு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. தை மாதத்தில் தண்ணீர் தெளிந்து இடுப்பளவு நிற்கும். அறுத்த வயலில் மடையானும் கொக்கும் மேயும், காற்றில் வைக்கோல் மணக்கும். சித்திரையில் தண்ணீர் இல்லை, மணல்தான். அந்த மணலைக் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். இரவில் நிலவு வெளிச்சத்தில் மணலில் துண்டை விரித்துப் படுத்தால் வரும் தூக்கத்துக்கு ஈடு இல்லை.

முதலாளிக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பங்களா இருக்கிறது. நமக்கு அம்மா வீட்டுப் பூவரச மரத்து நிழல் இருக்கிறது. இதற்கு டிக்கெட் இல்லை, வாடகை இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. லீவில் வரும் மகனுக்குத்தான் ஆறு சுகம். அங்கேயே இருக்கும் அப்பாவுக்கு ஆறு என்றால் நடவுக்குத் தண்ணீர் வருமா, வேலை கிடைக்குமா என்ற கவலை. 2024இல் மேட்டூரில் தண்ணீர் போதாமல் ஜூலை 28இல்தான் அணை திறந்தது. தண்ணீர் தாமதித்த ஒவ்வொரு வாரமும் விவசாயத் தொழிலாளிக்குக் கூலி இல்லாத வாரம். அம்மாவுக்கு ஆறு என்றால் துணி மூட்டை, பாத்திரம், இடுப்பில் குடம். ஆகவே குளிக்கப் போகும் மகன் அம்மா கையிலுள்ள துணி மூட்டையை வாங்கிக்கொண்டு படித்துறைக்குப் போகட்டும். துவைத்து முடித்துவிட்டு நீந்தலாம்; ஆறு எங்கும் ஓடிப்போகாது.

அந்தக் கரையின் சரித்திரம்

அம்மா வீடு என்று உரிமையோடு சொல்கிறோமே, அந்த வீடு நிற்கும் மண் நமதானது எப்படி? வாலிபத் தோழர்கள் பலருக்கு இது தெரியாது.

அந்தக் காலத்துப் பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மண்ணில் நின்றது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைப் பிரித்துப் போட்டுக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவார்கள். சவுக்கடி உண்டு, சாணிப்பால் உண்டு. ஆற்றில் இறங்குவதற்கும் ஜாதி பார்த்தார்கள். மேல் ஜாதிக்கு மேலே ஒரு படித்துறை. சேரி மக்கள் அவர்கள் குளித்துவிட்ட தண்ணீரில், கீழே, படி கூட இல்லாத இடத்தில் இறங்க வேண்டும். ஆறு எல்லோருக்கும் பொதுவாக ஓடியது, கரை பொதுவாக இல்லை.

1940களில் தோழர் பி. சீனிவாச ராவ் கீழத் தஞ்சைக் கிராமங்களில் நடந்து நடந்து செங்கொடிச் சங்கத்தைக் கட்டினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. 1952இல் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 1971இல்தான் குடியிருப்புச் சட்டம் வந்து, மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தமாயிற்று. எந்தப் பெரிய மனிதரும் தர்மமாகக் கொடுத்ததல்ல அது. அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆற்றுக் காற்று வாங்கும்போது இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கதை இன்னும் முடியவில்லை. ஆற்றுப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் குடிசை போட்டிருப்பவர்களுக்கு, நீர்நிலை என்று சொல்லிப் பட்டா மறுக்கப்படுகிறது. தலைமுறைகளாக அங்கே இருந்தாலும் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாம்! வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அவர்கள் வீடு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது முதலில் கூரை பறந்ததும் அப்படிப்பட்ட குடிசைகளில்தான். ஆற்றைக் காக்க வேண்டியது அவசியமே. மாற்று மனையும் வீடும் கொடுத்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லட்டும். ஏழையைத் தெருவில் விட்டுத்தான் ஆற்றைக் காக்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

லீவு யாருக்கு?

ஊரில் வீடு இருந்தால் மட்டும் போதுமா? போக நாள் வேண்டும். 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு 1 நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்றது. 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த தொகுப்புச் சட்டங்களிலும் 20க்கு 1 என்ற கணக்கு இருக்கிறது. காகிதத்தில் குறைவில்லை. ஆனால் கான்டிராக்டில் இருப்பவனுக்கும் பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கும் அது கைக்கு எட்டுகிறதா? ஊருக்குப் போன நாளுக்குச் சம்பளம் இல்லை. திரும்பி வந்தால் இடமும் இல்லை. இதுதான் பல இடங்களில் நடைமுறை.

பஞ்சாலை விடுதிகளில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளின் நிலைமை இதைவிடக் கொடுமை. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி அழைத்து வந்தார்கள். காம்பவுண்டுச் சுவருக்குள் வாழ்க்கை. அம்மாவைப் பார்க்க வருஷத்தில் சில நாள். நடுவில் ஊருக்குப் போனால் மொத்தப் பணம் போய்விடும் என்ற பயம். பெயரை மாற்றினாலும் விடுதிப் பூட்டு இன்னும் பல இடங்களில் திறக்கவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்த பெண் 17 வயதில் ஆற்றைக் கனவில் மட்டும் பார்க்க வேண்டுமா?

நம் பக்கத்து மிஷினில் நிற்கும் ஒரிசா, பீகார்த் தோழனையும் நினைக்க வேண்டும். அவனுக்கும் மகாநதிக் கரையிலோ கோசிக் கரையிலோ தாய் இருக்கிறாள். ரயிலில் இரண்டு நாள் போனால்தான் அவளைக் காண முடியும். அவனுக்கு நாலு நாள் லீவு என்பது லீவே அல்ல. அவனுடைய கோரிக்கையும் நம் சங்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

போராடினால் நடக்காது என்பதில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எல்லாச் சங்கங்களும் ஒன்றாக எதிர்த்தன. அந்த மே தினத்திலேயே அது வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

மகன் பட்டறையும் தாயின் படித்துறையும்

வீடும் லீவும் கிடைத்து ஊருக்குப் போகிறோம். அங்கே ஆறு இருக்க வேண்டுமே! திருப்பூரின் நொய்யல் ஆறு கரூர்ப் பக்கம் வந்து காவிரியில் சேருகிறது. காவிரி திருச்சியைக் கடந்து, கல்லணையில் காவிரி என்றும் வெண்ணாறு என்றும் பிரிகிறது. மகன் வேலை செய்யும் பட்டறைச் சாக்கடையிலிருந்து தாய் குளிக்கும் படித்துறை வரை ஒரே தண்ணீர்ப் பாதை! பாசனத்துக்காக 1992இல் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். அது சாயத் தண்ணீர்க் குட்டையாயிற்று. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதே என்று கீழேயிருந்த விவசாயிகளே மன்றாட வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது வேலை இழந்து நின்றவன் தொழிலாளிதான்.

“உனக்கு ஆறு வேண்டுமா, வேலை வேண்டுமா?” என்று முதலாளி கேட்பான். விவசாயியையும் தொழிலாளியையும் மோதவிடும் கேள்வி இது. இரண்டும் வேண்டும் என்பதே நம் பதில். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் மிஷின்கள் இருக்கின்றன. தேவை லாபத்தில் ஒரு பங்கைச் செலவு செய்யும் கட்டாயம். அந்தக் கட்டாயத்தை உண்டாக்குவது தொழிலாளியும் விவசாயியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது மணல். ஆற்று மணல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பத்தாயம். அதனால்தான் சித்திரையிலும் ஊற்று சுரந்தது. லாரி லாரியாக மணலை அள்ளினால் நிலத்தடி நீர் இறங்கும். கடலோரத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். ஆற்றின் தரை தாழ்ந்துபோனால் தண்ணீர் வாய்க்கால் மதகுக்கு எட்டாது. ஆற்றில் தண்ணீர் ஓடியும் வயல் காயும். நமக்குப் பழக்கமான இடம்தானே என்று நம் பிள்ளைகள் குதித்த இடத்தில் மணல் பள்ளம் ஆளை விழுங்கும். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் திருச்சி முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836இல் கட்டிய அணை அது. பராமரிப்பும் இல்லாமல், மணலும் சுரண்டப்பட்டால் எந்த அணைதான் தாங்கும்?

இந்த லீவில்

ஊருக்குப் போகும் தோழர்கள் நன்றாகக் குளிக்கட்டும், மீன் பிடிக்கட்டும், அம்மா வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உறங்கட்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு மாலை மட்டும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களோடு படித்துறையில் உட்காருங்கள். யார் வீட்டுக்குப் பட்டா இல்லை, எந்தப் படித்துறை இன்னும் சிலருக்கு மறுக்கப்படுகிறது, பெண்கள் குளிக்க மறைவிடம் உண்டா, மணல் எங்கே போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனுவை எழுதிக் கொடுத்து, கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரத் துணை நில்லுங்கள். ஆலைக்குத் திரும்பியதும் சம்பளத்தோடு லீவு என்ற கோரிக்கையைக் கான்டிராக்ட் தொழிலாளிக்கும் விடுதிப் பெண்ணுக்கும் சேர்த்துச் சங்கத்தில் வையுங்கள்.

கிராமத்தில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகனும் மகளும் வந்தால் ஊர் நிலவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் ஆலை நிலவரத்தையும் கேளுங்கள். ஒரே குடும்பத்தில் தகப்பன் வயலிலும் பிள்ளை மில்லிலும் உழைக்கிறார்கள். இருவர் கோரிக்கையும் ஒரே மனுவில் ஏறட்டும்.