இடிந்த கட்டடத்தின் சாட்சி எங்கே போகிறது?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் கொட்டும் மழையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். கட்டுமான நிறுவனத் தரப்பு சொன்ன காரணம்: மின்னல் தாக்கியது.

உண்மையா, சாக்குப்போக்கா? இதை யார் சொல்ல முடியும்? இடிபாடுதான்.

கம்பியும் கலவையும் என்ன சொல்லும்?

தூணில் எத்தனை கம்பி, என்ன தடிமன், ரிங் எவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது உடைந்த துண்டிலேயே தெரியும். கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக எடுத்து நசுக்கிப் பார்த்தால் அதன் பலமும் தெரிந்துவிடும். இதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 அளவுகோல் வைத்திருக்கிறது: இருக்க வேண்டிய பலத்தில் சராசரியாக 85 சதவீதமாவது வர வேண்டும், எந்த ஒரு மாதிரியும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. சண்டை வருவது வேறு இடத்தில். ‘இந்தத் துண்டு எந்தத் தூணில் இருந்தது? யார் எடுத்தது? ஜேசிபி இழுத்ததில் விரிசல் விட்டிருக்கலாமே?’ எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த மூன்று கேள்வி போதும். பதில் பதிவாகியிருக்காவிட்டால் ஆய்வக அறிக்கை வெறும் காகிதம்.

மீட்பா, ஆதாரமா?

முதலில் உயிர். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆளை மீட்க எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். அந்த வேலை முடிந்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. கம்பி கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கான்கிரீட் துண்டு பள்ளமான மனையை நிரப்பப் போகும். அப்புறம் விசாரணை கமிஷன் எதைப் பார்த்து விசாரிக்கும்?

மவுலிவாக்கத்தில் ஒரு வசதி இருந்தது. அதே வளாகத்தில் இன்னொரு 11 மாடிக் கட்டடம் நின்றது. நீதிபதி ரகுபதி கமிஷன் 2014லேயே விசாரித்து அறிக்கை தந்தது. அந்த இரண்டாவது கட்டடத்தைப் பலப்படுத்தலாமா, இடிப்பதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். எல்லா விபத்துக்கும் இப்படிப் பக்கத்தில் ஒரு ‘ஜோடி’ நிற்குமா?

அமெரிக்காவும் தப்பவில்லை

2001இல் நியூயார்க் உலக வர்த்தக மையம் விழுந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் முழுசாகப் பார்ப்பதற்குள் பெரும்பகுதி இரும்பு பழைய இரும்பாக விற்கப்பட்டுவிட்டது. அதில் ஒரு பகுதி கப்பலேறி நம்ம சென்னைத் துறைமுகத்துக்கே வந்தது! கடைசியில் ஆய்வுக்குக் கிடைத்தவை 236 துண்டுகள். ஆதாரம் காணாமல் போன இடத்தில் வதந்தி முளைத்தது, இன்றும் அடங்கவில்லை. ஆனால் அங்கே பாடம் படித்தார்கள். 2002இலேயே தனிச் சட்டம் போட்டு, இடிபாட்டைக் கைப்பற்றிப் பாதுகாக்கும் அதிகாரத்தை விசாரணைக் குழுவுக்குக் கொடுத்தார்கள். 2021இல் புளோரிடா சர்ப்சைடில் அடுக்குமாடி விழுந்து 98 பேர் இறந்தபோது, தூண், பீம் துண்டுகளுக்கு அடையாளம் போட்டு கிடங்கில் வைத்து ஆராய்ந்தார்கள்.

இங்கே என்ன ஓட்டை?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 176(3) பிரிவுப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து ஆதாரம் சேகரிக்க வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். ஆனால் கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் போட்டால் அதிகபட்சத் தண்டனையே ஐந்து ஆண்டுதான். அப்போது நிபுணர் வருவது கட்டாயம் இல்லை. எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆதாரத்தின் தலையெழுத்தே மாறுகிறது.

இன்னொரு வேடிக்கை. கடையில் உணவு மாதிரி எடுத்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதை நான்காகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். கடைக்காரர் கேட்டால் ஒரு பங்கு அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்குப் போகும். மிக்சருக்கு இருக்கிற மரியாதை 61 உயிரை வாங்கிய தூணுக்கு இல்லை.

எனவே அரசு செய்ய வேண்டியது மூன்று. மீட்பு முடிந்ததும் இடிபாட்டை விற்கத் தடை. துண்டு எடுத்த இடத்தை வீடியோவோடு பதிவு செய்து, இரு தரப்பு முன்னிலையில் முத்திரை. கட்டட அனுமதி கொடுத்த துறையிடம் அந்தக் கிடங்குச் சாவி இருக்கவே கூடாது, ஏனென்றால் விசாரிக்கப்பட வேண்டியவர்களில் அவர்களும் உண்டு.

வடசேரிக்கு என்ன?

நாகர்கோவில் மாநகராட்சியாகி ஆண்டுகள் ஆகிவிட்டன, மாடிகளும் ஏறிக்கொண்டிருக்கின்றன. வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நகையை உருக்கிய பிறகு அது யாருடைய கைவேலை என்று சொல்ல முடியுமா என்று. கட்டடமும் அப்படித்தான்.

லோன் போட்டு பிளாட் வாங்குகிறவர்கள் ஸ்ட்ரக்சுரல் டிராயிங், மண் பரிசோதனை அறிக்கை, கான்கிரீட் கியூப் டெஸ்ட் முடிவு மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டிய தூணைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். தூண் விழுந்த பிறகு தேடுகிற சாட்சியைவிட, நிற்கும்போதே சேர்த்துவைக்கிற சாட்சிக்குத்தான் பலம் அதிகம்.