பனைமரம்தான் திசைகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று பாய்மரப் படகு ஓட்டக் கற்க வேண்டும் என்றால், சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவதைத் தவிர நமக்கு வேறு யோசனை வருவதில்லை. கடலில்லாத ஊரில் டிங்கி எனும் சிறு பாய்மரப் படகுப் பந்தயமா என்று நம் பயிற்சியாளர்களே சிரிக்கிறார்கள். ஆனால் 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், பெண்களுக்கான ஐஎல்சிஏ 4 டிங்கிப் பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸைச் சேர்ந்தவர். படகு கற்றது போபால் பெரிய ஏரியில். அதே போட்டியில் ஆர்எஸ்:எக்ஸ் பாய்ப்பலகைப் பிரிவில் வெண்கலம் வென்ற இபாத் அலியும் அந்த ஏரியின் மாணவர்தான்.

போபால் ஏரி பெரிது என்பீர்கள். சரி, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் போய் பெங்களூரின் அல்சூர் ஏரியைப் பாருங்கள். நான்கு புறமும் கட்டடம், நடுவே தீவுகள். ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர் அங்கேதான் பாய் விரிக்கிறார்கள்.

சின்ன ஏரியில் காற்று ஒரு நிமிடம் ஒரே திசையில் நிற்பதில்லை. மேட்டில் மோதி, தென்னந்தோப்பைத் தாண்டி, கரையில் உடைந்து வருகிறது. கடல்காரருக்கு இது எரிச்சல். எனக்கு இதுதான் பாடம். இரண்டு படகுகள் காற்றுக்குக் குறுக்காக 40 மீட்டர் விலகி ஓடுகின்றன என்று வையுங்கள். காற்று 10 பாகை திரும்பினால், அது திரும்பிய பக்கத்துப் படகுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் சும்மா கிடைக்கும். 4.2 மீட்டர் ஐஎல்சிஏவுக்கு அது இரண்டு படகு நீளத்துக்கும் மேல். கடலில் இப்படி ஒரு திருப்பத்துக்கு வெகுநேரம் காத்திருக்க நேரலாம். ஏரியில் ஒரே காலையில் பலமுறை வந்துபோகும்.

அதைக் கண்டுபிடிப்பதும் ஏரியில் எளிது. எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்றை வலப்பக்கம் வாங்கி ஓடும்போது படகின் மூக்கு பனைக்கு இடப்புறம் நழுவினால் ஹெடர், அதாவது காற்று மூக்குப் பக்கம் திரும்பிவிட்டது; டேக் அடித்து, காற்றை மறுபக்கம் வாங்கி ஓடலாம். வலப்புறம் ஏறினால் லிஃப்ட், அதாவது சாதகமான திருப்பம்; அப்படியே போகட்டும். நடுக்கடலில் பனைமரம் கிடையாது, அங்கே திசைகாட்டி வேண்டும். ஆனால் பனையைப் பார்த்துப் பழகாதவனுக்குத் திசைகாட்டி வெறும் எண்ணாகவே நிற்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காற்று சட்டென்று தணிந்தாலும் ஹெடர் வந்தது போலவே தோன்றும். படகின் வேகம் குறையாமல் இருக்க, எதிர்காற்று மட்டும் தணிவதால் வரும் மயக்கம் அது. புதியவர்கள் உடனே டேக் அடித்து, இருந்த வேகத்தையும் தொலைப்பார்கள். தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த காற்றைக் காட்டும் கருத்த திட்டு முன்னால் வந்துகொண்டிருந்தால் மூன்று மூச்சுப் பொறுக்கலாம்.

ஆகவே பயிற்சியை மணிக்கணக்கில் எழுதாதீர்கள், டேக் கணக்கில் எழுதுங்கள். 120 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவைகள், மூன்று நிமிட ஸ்டார்ட், இரண்டே சுற்று, முடிந்ததும் மறுபடி ஸ்டார்ட். எத்தனை பேர் ஒரு மாதத்தில் 50 ஸ்டார்ட் எடுக்கிறார்கள்? மந்தக் காற்றில் படகைச் சாய்த்து டேக் அடிக்கும் ரோல் டேக்கும் இங்கேதான் படியும். ஆனால் பாய்மரப் பந்தய விதிகளில் 42ஆம் விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். டேக் முடிந்த கையோடு, அடிக்காமலே இருந்திருந்தால் இருக்கும் வேகத்தைவிடக் கூடுதல் வேகம் படகுக்கு வந்தால் அது குற்றம். ஏரியில் நடுவர் இல்லை என்று வளர்த்த கெட்ட பழக்கம் துறைமுகத்தில் மஞ்சள் கொடி வாங்கித் தரும்.

ஏரி தராதது அலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஓட்டிய எனோஷிமா போன்ற கடலில், அலையின் முதுகில் படகைச் சறுக்கவிடத் தெரியாதவர் கீழ்க்காற்று ஓட்டத்தில் பின்தங்கியே போவார். அதை ஏரியில் போலியாகக் கூடக் கற்பிக்க முடியாது. வருடத்துக்குச் சில வாரம் சென்னைக்குக் கூட்டிப்போயே ஆக வேண்டும்.

நம் பக்கத்து நீர்நிலைகளுக்கு வருவோம். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் நாட்களில் ஒரு பிள்ளையையும் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்; டிங்கியில் கவிழ்வது அன்றாடம். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீர் வாங்கும் பாரூர் ஏரி போன்றவை தோதானவை. அங்கேயும் முதல் வேலை நீர்வளத் துறை அனுமதி, இரண்டாவது மீன் குத்தகைதாரரிடம் பேச்சு. அவர் வலை எங்கே போட்டிருக்கிறார் என்று தெரியாமல் மிதவை வைத்தால் படகின் அடியில் நீளும் டாகர்போர்டும் போகும், நல்லுறவும் போகும். மதகுக்கும் கலிங்குக்கும் அருகே பந்தயத் தடம் வேண்டவே வேண்டாம். நீர் இறங்கிய மாதத்தில் ஒருமுறை கரை நெடுக நடந்து, சீமைக் கருவேல முண்டுகள் எங்கெங்கே நிற்கின்றன என்று வரைந்து வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அந்தத் தாள்தான் உங்கள் கடல் வரைபடம்.