அம்மாவுக்கு ஓர் இடம்

நமது நண்பர் ஒருவர் சென்னையில் சொந்தமாக ஒரு பிளாட் வாங்கிக் குடிபோய் ஆறு மாதம் ஆயிற்று. சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். காப்பி வந்தது, யோக க்ஷேமங்களை விசாரித்தாயிற்று. "அம்மா எங்கே?" என்று கேட்டோம். நண்பரின் முகம் வாடிவிட்டது.

"ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். முழங்கால் வலி, தரையில் படுக்க முடியவில்லை. ஒரு கட்டில் போடலாம் என்றால் இடம் எங்கே இருக்கிறது? நீங்களே பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். கூடம் 14 அடி நீளம், 10 அடி அகலம். 140 சதுர அடி. பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவர் பெண்ணை அழைத்து, அளவு நாடாவைக் கொண்டுவரச் சொன்னோம். மூவர் அமரும் ஸோபா 15 சதுர அடி; ஒற்றை ஸோபாக்கள் இரண்டும் சேர்ந்து 12½; டீப்பாய் 7; பொம்மைகளும் கேடயங்களும் வைத்த கண்ணாடி அலமாரி 9; சாப்பாட்டு மேஜை 12. குழந்தை கூட்டிப் பார்த்து, "55½" என்றாள். கூடத்தில் ஐந்தில் இரண்டு பங்கை மர சாமான்கள் குடியேறி அனுபவித்துக்கொண்டிருந்தன. வாடகை ஒரு காசுகூடக் கொடுக்காத குடித்தனக்காரர்கள்!

"எல்லா ஆசனங்களும் நிரம்பும்படி விருந்தினர் எத்தனை தடவை வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டோம். நண்பரும் மனைவியாரும் யோசித்துப் பார்த்து, ஆறு மாதத்தில் இரண்டு தடவை என்றார்கள். வருஷத்துக்கு நாலு நாள் வருகிறவர்களுக்கு நிரந்தரமாக இடம் ஒதுக்கியிருக்கிறது. நாள்தோறும் இருக்க வேண்டியவளுக்கு இடம் இல்லை. இதைச் சொல்ல நமக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்லிற்று.

சிறு வீட்டில் வாழ்வது பெரிய புண்ணியம் என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் செய்த குடும்பங்களின் கஷ்டத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பல குடித்தனங்களுக்கு ஒரே குழாயும் ஒரே ஸ்நான அறையும் இருந்த வீடுகளில், விடியுமுன் எழுந்து குடத்துடன் காத்து நின்றவர்கள் பெண்கள்தாம். ஆயினும் அந்த ஒற்றை அறைவாசிகள் ஒரு வித்தையை நன்றாக அறிந்திருந்தார்கள். ஓர் இடத்தை ஒரே காரியத்துக்கென்று அவர்கள் எழுதிவைக்கவில்லை. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால், படுக்கை அறையே கூடமாகும். இலை போட்டால் சாப்பாட்டு அறை. எடுத்துத் துடைத்துவிட்டால் பிள்ளைகள் படிக்கும் அறை. சுவரில் மாடம், தலைக்கு மேலே பரண், குறுக்கே கொடி, உத்தரத்தில் உறி என்று, தரையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் வேலை கொடுத்தார்கள். ஜப்பானியர் வீடுகளிலும் இதே முறை உண்டு. அங்கே இரவில் விரிக்கும் மெத்தை, காலையில் மடிக்கப்பட்டுச் சுவரோடு அமைந்த பெட்டகத்துக்குள் போய்விடும்.

சமையல் அறைக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். வியன்னாவில் பிறந்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஒரு சமையல் அறையை வகுத்தார். அதன் அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நமது கணக்கில் சுமார் 6 அடிக்கு 11 அடி. ரயில் வண்டியின் போஜன சாலையில் அத்தனை சிறிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். சமைப்பவள் எத்தனை அடி நடக்கிறாள் என்பதையும் கணக்கிட்டார். மாவுக்கும் அரிசிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், சுவரிலிருந்து இறக்கி மடக்கக்கூடிய இஸ்திரிப் பலகை, எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் அமைந்தன. சுமார் 10,000 வீடுகளில் அந்த அமைப்பு இடம் பெற்றது. நம்முடைய அஞ்சறைப் பெட்டியின் தத்துவமும் இதுதானே? கடுகுக்கு ஒரு மூலை, மிளகுக்கு வேறு மூலை என்று ஓடவேண்டியதில்லை.

இனி, சிறு வீட்டில் இருப்போர் செய்து பார்க்கக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, எதையும் நகர்த்துமுன் அளவெடுங்கள். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டு, அறையைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரையுங்கள். சாமான்களை அதே கணக்கில் அட்டையில் வெட்டி, காகிதத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். இடுப்பு வலியில்லாமல் பீரோவை இடம் மாற்ற இதைவிட நல்ல உபாயம் கிடையாது.

இரண்டாவது, உயரத்தைப் பயன்படுத்துங்கள். தினம் எடுப்பவை முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கட்டும். கொலுப்படி, பொம்மைப் பெட்டி போன்று வருஷத்துக்கு ஒரு முறை இறங்குபவை பரணுக்குப் போகட்டும். பரணில் இருப்பவற்றுக்கு ஒரு ஜாபிதா எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இருப்பது மறந்துபோய், அதையே மறுபடியும் வாங்குவோம். கனமான பெட்டியைப் படுப்பவர் தலைக்கு மேலே வைக்கவேண்டாம்.

மூன்றாவது, கதவைக் கவனியுங்கள். இரண்டரை அடிக் கதவு ஒன்று திறந்து மூடுவதற்கு ஏறக்குறைய 5 சதுர அடியை விழுங்குகிறது. புதிதாகக் கட்டுவோர், பொருந்தும் இடத்தில் நகரும் கதவை வைத்தால் அந்த இடம் மிச்சமாகும்.

நான்காவது, ஜன்னலை ஒருபோதும் அடைக்காதீர்கள். பீரோவுக்கு இடம் கிடைத்தது என்று காற்றையும் வெளிச்சத்தையும் விற்பது நஷ்ட வியாபாரம். மழை பெய்து ஈரம் ஏறும் சுவரை ஒட்டிப் பீரோவை வைக்காமல், சில அங்குலம் தள்ளி வைப்பதும் நலம்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்தில் காணும் சதுர அடி முழுவதும் கால் வைக்கும் இடமன்று. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 'கார்ப்பெட் ஏரியா' என்பதற்குத் திட்டமான அர்த்தம் கூறியிருக்கிறது. வீட்டினுள்ளே புழங்கும் தரையும் உள்தடுப்புச் சுவர்களும் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேரா. விலை பேசுமுன் அந்த அளவைக் கேளுங்கள்.

நண்பர் வீட்டுக் கதையை முடிக்கவில்லையே! ஒற்றை ஸோபாக்களும் டீப்பாயும் அடைத்திருந்த இடம் 19½ சதுர அடி. ஓர் ஆள் படுக்கும் 6 அடிக்கு 3 அடிக் கட்டிலுக்கு வேண்டியது 18. அந்தக் குழந்தைதான் இதையும் கழித்துச் சொன்னாள். மறுவாரமே அம்மூன்றும் விலைபோயின. விருந்தினருக்காக இரண்டு மடக்கு நாற்காலிகள் வந்து, சுவரில் ஆணியில் தொங்கின. கட்டில் ஜன்னலோரத்தில் போடப்பட்டது. அதன் கீழே அம்மாவின் டிரங்குப் பெட்டி. நடுக்கூடத்தில் படுப்பவளுக்கும் கொஞ்சம் மறைவு வேண்டும் அல்லவா? அதற்காக, இரவில் இழுத்துவிட ஒரு திரையும் கட்டினார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் மறுபடியும் போனபோது, அம்மா கட்டிலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கால்மாட்டில் பேத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நாம் மடக்கு நாற்காலியைத் தேடிச் சுவர்ப் பக்கம் திரும்பினோம்.

"நாற்காலி எதற்கு, அப்பா? இப்படி உட்கார்" என்று சொல்லி, அம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு நமக்கு இடம் விட்டாள்.